நாலு ரெப்போவா, ஒரே ரெப்போவா? ஒன்றையொன்று நம்பி நிற்கும் புராஜெக்டுகளைக் கிட்டில் அடுக்கும் முறை

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு மடிவாளாவில் திருநெல்வேலி பஸ். ஏழு மணிக்குப் பெல்லந்தூர் ஆபீசில் பில்ட் (கோடைக் கட்டி டெஸ்ட் ஓட்டிப் பார்க்கும் வேலை) தோல்வி என்று சிவப்பாக நிற்கிறது. ஊருக்குப் போகிற வெள்ளிக்கிழமையில் அவுட்டர் ரிங் ரோட்டைத் தாண்டி சில்க் போர்டு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று பெங்களூரில் இருக்கும் நம்மாட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பில்ட் சொன்னது ஒரே வரி: சப்மாட்யூல் கேட்கும் கமிட் (பதிந்து வைத்த மாற்றம்) ரிமோட்டில் (எல்லோரும் இழுக்கும் பொது இடத்தில்) இல்லை. ரெப்போ என்றால் கிட் என்ற கருவி கோடையும் அதன் மாற்ற வரலாற்றையும் சேர்த்து வைக்கும் கிடங்கு. எங்கள் சர்வர் ரெப்போவுக்குள் ஒரு பொது லைப்ரரி சப்மாட்யூலாக, அதாவது ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போவாக, உட்கார்ந்திருந்தது. மதியம் அதில் கை வைத்த பையன் அதற்குள் ஓசூர் ரோட்டில் கோயம்புத்தூர் பஸ்ஸில் இருந்தான்.

"தம்பி, புஷ் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்ணே. நீங்களே பாருங்க, மெயின்ல இருக்கு."

"சர்வர் ரெப்போவ பண்ணிட்ட. உள்ள இருக்கிற லைப்ரரிய?"

கொஞ்ச நேரம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. "ஐயோ. லேப்டாப்ப எடுக்கிறேன்ணே."

அத்திப்பள்ளி டோல்கேட்டில் பஸ் நின்றபோது மடியில் லேப்டாப்பை வைத்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அந்த ஒரு கமிட்டைத் தள்ளிவிட்டான். பில்ட் பச்சையானது. அதற்குள் என் பஸ் போய்விட்டது. பதினொன்றரை பஸ்ஸில் கடைசி வரிசை கிடைத்தது. ஊர் வரைக்கும் குலுங்கிக்கொண்டே போனேன்.

பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்போதும் சேர்ந்தே மாறுகிற இரண்டு விஷயங்களை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, நடுவில் மனுஷ ஞாபகத்தை நம்பியிருந்தோம். இரண்டு தடவை புஷ் பண்ண வேண்டும் என்பதை யாராவது ஒருநாள் மறக்கத்தான் செய்வார்கள். அதற்கப்புறம் ரெப்போக்களை எப்படிப் பிரித்து அடுக்கினோமோ அதை வரிசையாகச் சொல்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்; டெர்மினலில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு எல்லோருக்கும் பழகிய ஒன்றை எடுப்போம். தர்ஷினி ஓட்டல். கவுண்டரில் காசு கொடுத்து டோக்கன் வாங்குகிறோம், உள்ளே தோசைக் கல்லுக்கு மேலே ஒரு திரையில் ஆர்டர் வருகிறது. இதற்கு நாலு புராஜெக்ட் என்று வையுங்கள்: பில்லிங் சர்வர், கவுண்டர் ஆப், கிச்சன் திரை, இந்த மூன்றும் பயன்படுத்துகிற கணக்கு லைப்ரரி.

படி 1: யார் யாரை நம்பி நிற்கிறார்கள் என்று படம் போடுங்கள்

வெள்ளைப் பலகையில் புராஜெக்டுக்கு ஒரு கட்டம். கவுண்டர் ஆப் கட்டுவதற்குக் கணக்கு லைப்ரரி வேண்டும் என்றால் கவுண்டரிலிருந்து கணக்குக்கு ஓர் அம்பு. ஓடும்போது மட்டும் தேவைப்படுவதைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்: கவுண்டர் ஆப் சர்வரைக் கூப்பிடுகிறது, ஆனால் சர்வர் கோட் இல்லாமலே அதைக் கட்டலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் பிறகு தப்பான இடத்தில் வெட்டுகிறார்கள்.

படத்தில் வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். ஆர்டர் என்ற டைப் சர்வர் ரெப்போவில் கிடக்கும், அதைக் கவுண்டர் ஆப் இழுக்கும். டோக்கன் அச்சிடும் ஃபார்மட் கவுண்டர் ரெப்போவில் கிடக்கும், அதைச் சர்வர் இழுக்கும். இப்போது எதை முதலில் ரிலீஸ் செய்வது? கோழியும் முட்டையும்தான். வட்டத்தை வைத்துக்கொண்டு ரெப்போ பற்றி யோசிப்பதில் பயனில்லை. இருவருக்கும் பொதுவான டைப்புகளை எடுத்து மூன்றாவதாக ஒரு சின்னப் பகுதி ஆக்குங்கள். நாங்கள் அதை ஒப்பந்தம் என்று கூப்பிடுவோம். ஏபிஐ (ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கூப்பிடும் முறை) விவரம், மெசேஜ் வடிவம் மட்டும் அதில் இருக்கும். லாஜிக் ஒரு வரிகூட இருக்காது. இரண்டு பேரும் அதை நம்பட்டும், அது யாரையும் நம்பக் கூடாது.

ஒரு வேடிக்கையும் தென்படும். படத்தில் இருக்கும் எல்லைகள் பெரும்பாலும் டீம் எல்லைகளாக இருக்கும். ஒரு நிறுவனத்தில் யார் யாரோடு பேசுகிறார்களோ அதே வடிவில்தான் அவர்கள் செய்யும் சிஸ்டமும் அமையும் என்று மெல்வின் கான்வே 1968-ல் எழுதினார். ஒரு டீம் ஒயிட்ஃபீல்டிலும் இன்னொன்று எலக்ட்ரானிக் சிட்டியிலும் உட்கார்ந்தால் நடுவில் ஓர் ஏபிஐ தானாக முளைத்துவிடும். சில்க் போர்டைத் தாண்டி நேரில் போய்ப் பேசுவதைவிட ஏபிஐ எழுதுவது சுலபம் என்று யாருக்கும் தோன்றும்.

படி 2: எண்ணிப் பாருங்கள்

ஒரே ரெப்போ நல்லதா, பல ரெப்போ நல்லதா என்று மீட்டிங் போட்டு விவாதிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பதில் உங்கள் கமிட் வரலாற்றில் ஏற்கெனவே இருக்கிறது.

ஒவ்வொரு ரெப்போவிலும் இதை ஓட்டுங்கள்:

கிட் லாக் --சின்ஸ்="3 மந்த்ஸ் ஏகோ" --ஒன்லைன்

கமிட் மெசேஜில் டிக்கெட் எண் எழுதும் பழக்கம் இருந்தால் அந்த எண்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட ரெப்போவில் வருகிறவற்றைக் குறியுங்கள். எந்த ரெப்போவும் எந்த ரெப்போவும் ஜோடியாக வருகின்றன என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பழக்கம் இல்லையென்றால் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு ரெப்போவில் போட்ட கமிட்டுகளைப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் போக்கு தெரியும்.

60 டிக்கெட்டில் 25 டிக்கெட்டுக்குச் சர்வரிலும் கணக்கு லைப்ரரியிலும் சேர்த்தே கை வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அப்படியானால் அவை இரண்டு ரெப்போ என்பது பெயரளவில்தான். கிச்சன் திரை மற்றவற்றோடு இரண்டே தடவை ஜோடி சேர்ந்தால் அது எங்கிருந்தாலும் யாருக்கும் தொந்தரவில்லை.

எப்படிப்பட்ட மாற்றம் இரண்டு இடத்தையும் தொடும்? ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். ஓட்டல் பில்லுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். மத்திய வரி 2.5, மாநில வரி 2.5. பில் 65 ரூபாய். கவுண்டர் ஆப் எழுதியவர் மொத்தமாக 5 சதவீதம் போட்டார்: 3.25. சர்வர் எழுதியவர் இரண்டாகப் பிரித்து, தலா 1.625 என்பதை 1.63 ஆக்கி, பிறகு கூட்டினார்: 3.26. ஒரு பைசா இடிக்கிறது. ஓட்டல்காரர் ராத்திரி கணக்கு முடிக்கும்போது அந்த ஒரு பைசா நூற்றுக்கணக்கான பில்லில் சேர்ந்து வந்து நிற்கும். இதற்காகத்தான் கணக்கு லைப்ரரி என்று ஒன்று பிறந்தது. அதில் ரவுண்டிங்கை மாற்றினால் சர்வரின் டெஸ்டும் கவுண்டரின் டெஸ்டும் அதே நிமிடத்தில் ஓட வேண்டும். வேறு வேறு ரெப்போவில் இருந்தால் லைப்ரரியை ரிலீஸ் செய்து, இரண்டு இடத்திலும் வெர்ஷனை உயர்த்தி, அப்புறம்தான் எது உடைந்தது என்று தெரியும்.

படி 3: மூன்று கேள்வி

எண்ணிக்கை கையில் வந்ததும் ஒவ்வொரு ஜோடியைப் பற்றியும் கேளுங்கள். சேர்ந்து மாறுகின்றனவா? சேர்ந்து ரிலீஸ் ஆகின்றனவா? பார்க்க வேண்டியவர்கள் ஒரே ஆட்களா?

முதல் கேள்விக்கு ஆம் என்றால் ஒரே ரெப்போ பக்கம் சாயுங்கள். இரண்டாவதற்கு இல்லை என்றாலும் பரவாயில்லை. ஒரே ரெப்போவிலிருந்து தனித்தனியாக ரிலீஸ் செய்யலாம், அதற்கு வழி கீழே வருகிறது.

மூன்றாவது கேள்வி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். கிட்டில் ஃபோல்டர் வாரியாகப் படிக்கும் அனுமதி கிடையாது. ரெப்போவைக் குளோன் செய்ய முடிந்தவருக்கு மொத்தமும் கிடைக்கும், பழைய வரலாறு உட்பட. சப்வெர்ஷனில் பாதை வாரியாக அனுமதி கொடுக்கலாம். அங்கிருந்து வந்தவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். கவுண்டர் ஆப்பை வெளியில் ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்திருக்கிறீர்கள், சர்வர் கோட் அவர் கண்ணில் படக் கூடாது என்றால் பேச்சே இல்லை, தனி ரெப்போதான். நாளைக்கு ஓப்பன் சோர்ஸாக விடப்போகும் பகுதிக்கும் அதே பதில்.

படி 4: அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

முப்பது நாற்பது பேருக்குள் இருக்கும் டீம், ஒருவருக்கொருவர் கோட் பார்ப்பதில் தடையில்லை என்றால் என் பதில் ஒரே ரெப்போ. தயங்குகிறவர்கள் சொல்லும் முதல் காரணம், "அது கூகுள் மாதிரி கம்பெனிக்குத்தான்". தலைகீழ். கூகுளுக்குத்தான் அது கஷ்டம். 2016-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி அவர்களது ஒற்றை ரெப்போவில் சுமார் 100 கோடி ஃபைல், 86 டெராபைட். முன்பு பயன்படுத்திய பெர்ஃபோர்ஸ் என்ற கருவி தாங்காமல் பைப்பர் என்று சொந்தமாக ஒன்றைக் கட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் 2017-ல் விண்டோஸைக் கிட்டுக்குக் கொண்டுபோனபோது சுமார் 35 லட்சம் ஃபைல், 300 ஜிபி. அதற்காக விர்ச்சுவல் ஃபைல் சிஸ்டமே எழுத வேண்டியதாயிற்று. உங்கள் தர்ஷினி சாஃப்ட்வேர் அதில் ஒரு மூலைக்கு வராது. சாதாரண கிட் தாராளமாகத் தாங்கும்.

இன்னொரு குழப்பம்: ஒரே ரெப்போ என்றால் ஒரே பெரிய அப்ளிகேஷன் என்று நினைப்பது. சம்பந்தமில்லை. ஒரே வீட்டில் நாலு அடுப்பு இருக்கலாம்.

பெரிய பைனரிகள் வேண்டாம். விளம்பர வீடியோ, டிசைன் ஃபைல் எல்லாம் ரெப்போவில் கிடந்தால் சின்ன டீமும் திணறும். அவற்றுக்கு கிட் எல்எஃப்எஸ் (பெரிய ஃபைல்களைத் தனியே வைக்கும் இணைப்பு) அல்லது வேறு சேமிப்பிடம். ரெப்போ உண்மையிலேயே பெருத்துவிட்டால் 2020-ல் வந்த ஸ்பார்ஸ்-செக்அவுட் கட்டளை இருக்கிறது, வேண்டிய ஃபோல்டரை மட்டும் வெளியே எடுக்க. குளோன் செய்யும்போது --ஃபில்டர்=பிளாப்:நன் என்று கொடுத்தால் பழைய ஃபைல்களின் உள்ளடக்கம் தேவைப்படும்போது மட்டும் இறங்கும்.

தனித்தனி ரெப்போ அவசியம் என்றால் இரண்டாவது நல்ல வழி, பொதுப் பகுதியை வெர்ஷன் போட்டு பேக்கேஜாக வெளியிடுவது. மூன்றாவது, வேறு வழியே இல்லாதபோது, சப்மாட்யூல். ஆண்ட்ராய்டில் நூற்றுக்கணக்கான கிட் ரெப்போக்களை மேனிஃபெஸ்ட் என்ற எக்ஸ்எம்எல் ஃபைலில் பட்டியலிட்டு, ரெப்போ என்றே பெயர் வைத்த கருவியால் மொத்தமாக இழுப்பார்கள். ஃபோன் தயாரிக்கிறவர்களுக்கு அது சரி, நமக்கு வேண்டாம்.

படி 5: வரலாற்றோடு குடிபெயருங்கள்

ஃபைல்களை மட்டும் காப்பி செய்து ஒரே கமிட்டாகப் போட்டுவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். மூன்று வருஷம் கழித்து 1.63 என்ற அந்தக் கோட் வரியை யார், எதற்காக எழுதினார் என்று பிளேம் போட்டுப் பார்க்கும்போது எல்லா வரியிலும் உங்கள் பெயர் மட்டும் இருக்கும்.

திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்களை (மெயினில் சேரக் காத்திருக்கும் மாற்றங்களை) முதலில் முடியுங்கள், அல்லது மூடுங்கள். கமிட் எண்கள் எல்லாம் மாறப்போவதால் அவை அப்படியே ஒட்டாது. செவ்வாய் அல்லது புதனில் ஒரு நேரம் குறித்து, அதிலிருந்து வேலை முடியும்வரை யாரும் மெர்ஜ் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஏன் கூடாது என்று மேலே சொல்லிவிட்டேன்.

வரலாற்றோடு மாற்றித் தருவது கிட் ஃபில்டர்-ரெப்போ, தனியாக நிறுவ வேண்டிய கருவி. பழைய ஃபில்டர்-பிராஞ்ச் வேண்டாம். மெதுவானது, தப்பும் வரும், கிட்டின் கையேடே அதைத் தவிர்க்கச் சொல்கிறது. சர்வர் ரெப்போவைப் புதிதாகக் குளோன் செய்து, உள்ளே போய்:

கிட் ஃபில்டர்-ரெப்போ --டு-சப்டைரக்டரி-ஃபில்டர் ஆப்ஸ்/சர்வர் --டேக்-ரீநேம் '':'சர்வர்-'

புதிய குளோனாக இருக்க வேண்டும் என்பதில் இந்தக் கருவி கறார். வேலை நடக்கிற ரெப்போவில் ஓட்டினால் மறுத்துவிடும். நல்லதுதான், வரலாற்றையே திருத்தி எழுதுகிற கருவி அது. முடிந்ததும் முதல் கமிட்டிலிருந்தே எல்லா ஃபைலும் ஆப்ஸ்/சர்வர் ஃபோல்டருக்குள் இருந்ததுபோல ஆகிவிடும் (ஃபோல்டர் அமைப்பு படி 6-ல் வருகிறது). அதனால் லாக் பார்க்கும்போது ஃபைல் இடம்மாறிய கதையைத் தேட வேண்டியதில்லை. டேக் (ஒரு கமிட்டுக்கு வைக்கும் ரிலீஸ் பெயர்) முன்னால் ஒரு முன்ஒட்டு ஏன்? நாலு ரெப்போவிலும் வி1.0 என்று ஒரு டேக் இருக்கும், சேர்க்கும்போது மோதும்.

நாலுக்கும் இதே வேலை; கணக்கு லைப்ரரிக்கு மட்டும் ஃபோல்டர் லிப்ஸ்/கணக்கு. பிறகு புதிய காலி ரெப்போ ஒன்றில் ஒரு முதல் கமிட் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாக:

கிட் ரிமோட் ஆட் சர்வர் ../சர்வர்-புதுசு
கிட் ஃபெட்ச் சர்வர் --டேக்ஸ்
கிட் மெர்ஜ் --அலவ்-அன்ரிலேட்டட்-ஹிஸ்டரிஸ் சர்வர்/மெயின்

ஒவ்வொன்றும் தனி ஃபோல்டர் என்பதால் மோதல் வராது.

ஒன்றை மறக்காதீர்கள். ஃபில்டர்-ரெப்போ ஓடிய குளோனின் டாட்-கிட் ஃபோல்டருக்குள் ஃபில்டர்-ரெப்போ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர், அதில் கமிட்-மேப் என்று ஒரு ஃபைல் இருக்கும். பழைய கமிட் எண், பக்கத்தில் புதிய கமிட் எண். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். டிக்கெட்டுகளிலும் சாட்டிலும் பழைய எண்கள் சிதறிக் கிடக்கும். ஒருநாள் யாராவது வந்து கேட்பார்கள்.

படி 6: ஒரே ரெப்போவுக்குள் குடித்தனம்

மேல்மட்டத்தில் நாலே ஃபோல்டர் போதும்: ஆப்ஸ், லிப்ஸ், ஒப்பந்தம், டூல்ஸ். ஆப் இன்னோர் ஆப்பை இம்போர்ட் செய்யக் கூடாது. லிப்ஸையும் ஒப்பந்தத்தையும் மட்டும்தான் தொடலாம். இந்த விதியை எழுதி ஒட்டினால் மட்டும் போதாது, மீறினால் பில்ட் உடைகிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போடுங்கள். ஒரே வீட்டுக்குள் வந்தபின் சுவரேறிக் குதிப்பது ரொம்பச் சுலபம்.

எந்த ஃபோல்டருக்கு யார் பொறுப்பு என்பதற்குக் கோட்ஓனர்ஸ் ஃபைல். கிட்ஹப், கிட்லேப் இரண்டும் அதைப் படிக்கும். கணக்கு லைப்ரரியைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் ஜிஎஸ்டி வரி புரிந்த ஒருவர் ஒப்புதல் தர வேண்டும் என்று வைத்தால் 3.25, 3.26 சண்டை மறுபடி வராது.

எல்லோரும் பயப்படுவது பில்ட் நேரம். கிச்சன் திரையில் ஒரு கலரை மாற்றினால் சர்வர் டெஸ்ட் எதற்கு ஓட வேண்டும்? ஓட வேண்டாம்.

கிட் டிஃப் --நேம்-ஒன்லி ஆரிஜின்/மெயின்...ஹெட்

நடுவில் மூன்று புள்ளி; இரண்டு போட்டால் உங்கள் பிராஞ்ச் பிரிந்த பிறகு மெயினில் மற்றவர்கள் செய்ததும் சேர்ந்து வரும். வருகிற பட்டியலிலிருந்து எந்த ஃபோல்டர் தொடப்பட்டது என்று பாருங்கள். அப்புறம் படி 1-ல் போட்ட அம்புகளைத் தலைகீழாகத் தொடருங்கள்: கணக்கு தொடப்பட்டால் அதை நம்பும் மூன்று ஆப்பையும் டெஸ்ட் செய்ய வேண்டும். நாலைந்து புராஜெக்டுக்கு ஐம்பது வரி ஸ்கிரிப்ட் போதும். ஜாவாஸ்கிரிப்ட் உலகம் என்றால் என்எக்ஸ், டர்போரெப்போ என்ற கருவிகள் இந்த வேலையைச் செய்யும். பேசல் என்ற பில்ட் கருவி இன்னும் கறாரானது, ஆனால் அதற்கென்று ஓர் ஆளை ஒதுக்க முடியாத டீம் அதன் பக்கம் போக வேண்டாம் என்பேன்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் பாத்ஸ் ஃபில்டர் (குறித்த ஃபோல்டர் மாறினால் மட்டும் ஓட்டும் வடிகட்டி) வைத்துச் சுருக்கமாக முடிக்கலாம் என்று போகிறவர்களுக்கு ஒரு பள்ளம் காத்திருக்கிறது. ஒரு செக்கைக் கட்டாயம் என்று குறித்துவிட்டு, அந்த வொர்க்ஃப்ளோ பாத்ஸ் ஃபில்டரால் ஓடாமல் போனால் செக் நிலுவையிலேயே நிற்கும். மெர்ஜ் பட்டன் திறக்காது. எப்போதும் ஓடுகிற ஒரு சின்ன வொர்க்ஃப்ளோவை மட்டும் கட்டாயமாக்கி, எதை ஓட்டுவது என்பதை அதற்குள் முடிவு செய்யுங்கள்.

தனித்தனி ரிலீஸுக்கு டேக் பெயரில் முன்ஒட்டு: சர்வர்/வி2.3.0, கவுண்டர்/வி5.1.2. கோ மொழியில் துணை ஃபோல்டரில் இருக்கும் மாட்யூலுக்கு அந்த ஃபோல்டரின் முழுப் பாதையே முன்ஒட்டாக வருவது கட்டாயம்.

படி 7: பிரிந்தே இருக்க வேண்டியவைக்கு

கான்ட்ராக்டர் கவுண்டர் ஆப்பைத் தனி ரெப்போவில் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். கணக்கு லைப்ரரி அவருக்குப் பேக்கேஜாகப் போக வேண்டும்.

மூன்று எண் கொண்ட வெர்ஷன் முறை தெரிந்ததுதான்: உடைக்கும் மாற்றம் முதல் எண், புதிய வசதி இரண்டாவது, பிழைதிருத்தம் மூன்றாவது. சிக்கல், ரவுண்டிங் மாற்றம் எதில் சேரும் என்பதில். எழுதியவர் பிழைதிருத்தம் என்பார். ராத்திரி கணக்கு பார்க்கிற ஓட்டல்காரருக்கு அது உடைப்பு. பயன்படுத்துகிறவர் கண்ணால் பார்த்து எண் போடுங்கள்.

மெயின் பிராஞ்சைச் சார்பாகக் குறிக்கவே குறிக்காதீர்கள். நேற்று ஓடிய பில்ட் இன்று ஓடாது, நடுவில் உங்கள் கோடில் ஒரு வரிகூட மாறியிருக்காது. குறிப்பிட்ட வெர்ஷன் வேண்டும், எடுத்த வெர்ஷன்களைப் பதியும் லாக் ஃபைலும் கமிட்டில். வெளியிட்ட பேக்கேஜின் நகல் உங்களிடமும் இருக்கட்டும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை எழுதியவர் என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கிடங்கிலிருந்து எடுத்ததும் எத்தனையோ பெரிய புராஜெக்டுகளின் பில்ட் நின்றது.

லைப்ரரியை மாற்றும்போது, ஒவ்வொரு தடவையும் ரிலீஸ் செய்து பார்க்க வேண்டுமா? வேண்டாம். கோ மொழியில் 1.18 வெர்ஷன் முதல் வொர்க்ஸ்பேஸ் இருக்கிறது, கிரேடிலில் இன்க்ளூட்பில்ட், என்பிஎம்மில் லிங்க். பக்கத்து ஃபோல்டரில் இருக்கும் கோடை வைத்தே ஆப்பைக் கட்டிப் பார்க்கலாம். அந்த லோக்கல் பாதையைத் தெரியாமல் கமிட் செய்துவிடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாரோ ஒருவருடைய ஹோம் ஃபோல்டர் பெயர் எங்கள் மெயினில் வந்து உட்காரும்.

வைரச் சிக்கல் ஒன்றுண்டு. கவுண்டர் ஆப் கணக்கு 2-ஐக் கேட்கிறது. அது பயன்படுத்தும் பிரிண்டர் லைப்ரரி கணக்கு 1-ஐக் கேட்கிறது. சில மொழிகளில் இரண்டும் சேர்ந்து உள்ளே வந்து இரண்டு விதமாக ரவுண்ட் செய்யும், சிலவற்றில் பில்டே ஆகாது. மருந்து, நடுவில் இருக்கும் லைப்ரரிகளைக் குறைப்பதுதான்.

படி 8: சப்மாட்யூல் தவிர்க்க முடியாவிட்டால்

எங்களுக்கு அப்படி ஒன்று இன்னும் இருக்கிறது: பிரிண்டர் கம்பெனி தரும் டிரைவர் கோட். நாங்கள் அதை மாற்றுவதில்லை, வருஷத்துக்கு இரண்டு தடவை புதுசு வரும். சப்மாட்யூலுக்குப் பொருத்தமான இடம் அதுதான்: அடுத்தவர் கோட், எப்போதாவது மாறுவது, எந்த நிலையில் எடுத்தோம் என்று துல்லியமாகத் தெரிய வேண்டியது.

சப்மாட்யூல் பார்வைக்கு ஃபோல்டர் மாதிரி இருக்கும். கிட்டைப் பொறுத்தவரை அந்த இடத்தில் ஒரு சீட்டு வைத்திருக்கிறது, சீட்டில் ஒரு கமிட் எண். எங்கிருந்து எடுப்பது என்ற முகவரி டாட்-கிட்மாட்யூல்ஸ் ஃபைலில். என் வெள்ளிக்கிழமை கதையில் சீட்டு போய்ச் சேர்ந்தது, சீட்டில் எழுதிய சரக்கு போகவில்லை.

எல்லோருடைய மெஷினிலும் இரண்டு செட்டிங் வையுங்கள்.

கிட் கான்ஃபிக் --குளோபல் சப்மாட்யூல்.ரிகர்ஸ் ட்ரூ
கிட் கான்ஃபிக் --குளோபல் புஷ்.ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ் செக்

முதலாவது, புல், செக்அவுட் செய்யும்போது உள்ளே இருப்பதும் சேர்ந்து மாறும். குளோனுக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே --ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ் என்று கையால் கொடுக்க வேண்டும். இரண்டாவதுதான் என் பஸ்ஸைக் காப்பாற்றியிருக்கும்: உள்ளே இருக்கும் கமிட் ரிமோட்டுக்குப் போகாமல் வெளியே இருப்பதைப் புஷ் செய்ய விடாது. செக் என்பதற்குப் பதில் ஆன்-டிமாண்ட் என்றால் அதுவே இரண்டையும் தள்ளிவிடும். நான் செக் வைப்பேன். எனக்குத் தெரியாமல் எதுவும் போக வேண்டாம்.

சப்மாட்யூலுக்குள் போய் நேராக வேலையைத் தொடங்காதீர்கள். அப்டேட் செய்ததும் அது எந்த பிராஞ்சிலும் இல்லாமல் வெறும் கமிட்டில் நிற்கும். முதலில் ஒரு பிராஞ்சுக்கு மாறுங்கள், இல்லையென்றால் அடுத்த அப்டேட்டில் உங்கள் வேலையை ரெஃப்லாகில் (நீங்கள் நின்ற கமிட்டுகளின் பதிவில்) தேட வேண்டிவரும்.

சப்ட்ரீ இதற்கு மாற்று. கோடே உள்ளே வந்துவிடும், குளோன் செய்கிறவருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் செய்த மாற்றத்தைத் திருப்பி அனுப்புவதுதான் சள்ளை.

படி 9: ரெப்போ ஒன்றானாலும் கடை ஒன்றல்ல

ஒரே ரெப்போவுக்கு வந்தபின் ஒரு மயக்கம் வரும். சர்வரையும் ஆப்பையும் ஒரே கமிட்டில் மாற்றிவிட்டோம், எல்லாம் ஒத்துப்போகும் என்று. கமிட் ஒன்றுதான். ஆனால் ஜெயநகரில் ஒரு கடையின் டேப்லெட் அப்டேட் ஆகாமல் நாலு மாசமாக ஓடிக்கொண்டிருக்கும். அது பழைய ஆப், பேசப்போவது புதிய சர்வரோடு.

அதனால் ஒப்பந்தத்தில் எந்த மாற்றமும் மூன்று தவணை. வரி என்ற ஒரே புலத்தை மத்திய வரி, மாநில வரி என்று பிரிக்க வேண்டும் என்று வையுங்கள். முதலில் சர்வர் மூன்றையும் அனுப்பட்டும். அடுத்து ஆப்கள் புதிய இரண்டையும் படிக்கப் பழகட்டும். கடைசியாக, எந்த வெர்ஷன் ஆப் இன்னும் கூப்பிடுகிறது என்று சர்வர் லாகில் பார்த்து, பழையது ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகே வரி புலத்தை எடுங்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மாதக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும். புலங்களுக்கு எண் வைத்து மெசேஜ் அனுப்பும் புரோட்டோபஃப் பயன்படுத்தினால் எடுத்த புலத்தின் எண்ணை ரிசர்வ்டு என்று குறித்துவிடுங்கள். அந்த எண்ணை வேறு ஒன்றுக்குக் கொடுத்தால் பழைய டேப்லெட் புதிய மதிப்பை வரி என்று நினைத்துக் கூட்டிவிடும்.

டெப்ளாய் வரிசையையும் ரெப்போவிலேயே எழுதி வையுங்கள்: டேட்டாபேஸ், சர்வர், பிறகு ஆப். யாருக்காவது லீவு நாளில் தேவைப்படும்.

கடைசி வேலை: பழைய வீட்டைப் பூட்டுங்கள்

பழைய ரெப்போக்களை அழிக்க வேண்டாம். ரீட்மீயின் முதல் வரியில் புதிய முகவரியை எழுதி, ஆர்க்கைவ் செய்யுங்கள். படிக்கலாம், எழுத முடியாது. அதைச் செய்வதற்கு முன், அந்த முகவரியிலிருந்து இன்னும் யார் இழுக்கிறார்கள், யார் அதில் எழுதுகிறார்கள் என்று தேடுங்கள்: தானியங்கி பில்டின் (சிஐ) கான்ஃபிக், டாக்கர் ஃபைல், பெயர் தெரியாத ஏதோ ஒரு மெஷினில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான். எங்களுடைய பழைய சர்வர் ரெப்போவைப் பூட்டிய மறுநாள் காலை ஓர் ஓட்டலில் தினசரி ரிப்போர்ட் வரவில்லை. மூலையில் மேசைக்கடியில் கிடந்த ஒரு டெஸ்க்டாப்தான் தினமும் விடியற்காலை ரிப்போர்ட்டை உருவாக்கி, பழைய ரெப்போவில் கமிட் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.